மாட்டு டொக்டரின் மஞ்சள் பற்றரி

என் மேசை லாச்சியை வேகமாக இழுத்தால் உள்ளே கிடக்கும் ஒரு பற்றரி சறுக்கிக்கொண்டு வந்து முன்பலகையில் முட்டும். ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுதான். மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய வயர்கள் தொங்கும். சுண்டெலிக்கு இரட்டை வால் முளைத்த மாதிரி இருக்கும். மீற்றரை வைத்தால் பூச்சியம். வேலைக்கு உதவாத சாமான் எதையும் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்பக்கம், தையல் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் செருகிவிட்ட மாதிரி இருக்கிறது என் கடை. இரண்டு பேர் ஒன்றாகத் தும்மினால் ஒருவர் வெளியே போக வேண்டும். அந்த இடத்திலிருந்து எத்தனையோ நல்ல சாமான்களைக் கூடக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தப் பற்றரியை மட்டும் அனுப்பவில்லை. லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அது 'டக்' என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்டால் நான் பேசிக்கொண்டிருக்கிற கேலி பகிடியைப் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அது ஒரு மாட்டு டொக்டரின் லெப்டொப்புக்குள் இருந்த பற்றரி.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். பேராதனையில் படித்துவிட்டு அரசாங்க மிருக வைத்தியராக எங்கள் பக்கத்துக்கு வந்தவர், சண்டையால் திரும்பிப் போகப் பாதை இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களில் தொடங்கி திகன வரைக்கும், பசு கத்தினால் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார். நெட்டை ஆள், மெலிந்த ஆள். தோள் வரைக்கும் இழுத்துவிடுகிற பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் சிறகு முளைத்த கொக்கு மாதிரி இருப்பார். நான் அவரை முதல்முதலில் பார்த்தது தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால். எங்கள் பசு சிவப்பியின் பின்பக்கத்தில் கையைத் தோள்மட்டும் விட்டு, கன்னத்தை அதன் இடுப்பில் சாய்த்து, கண்ணை மூடி, ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. வாய் சும்மா இருக்குமா?

"டொக்டர், உள்ளுக்கு யாரும் பேசுறாங்களா?" என்று கேட்டேன். அப்பா கையை ஓங்கினார். டொக்டர் கண்ணைத் திறக்காமலே, "ஓம். வெளியிலை நிக்கிற கண்டு ஆற்றை எண்டு கேக்குது" என்றார். கன்று என்றது என்னை. லயமே சிரித்தது. அன்றையிலிருந்து எங்கே கண்டாலும் நானும் அவரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டே இருந்தோம்.

அவர் கையில் எடுத்த ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். பசுவின் பெயர், ஊர், வீட்டுக்காரரின் போன் நம்பர், சினை ஊசி போட்ட நாள், எந்தக் காளையின் விந்து என்று காட்டும் ஒரு நம்பர், கன்று போட வேண்டிய நாள். இதையெல்லாம் முதலில் கொப்பியில் எழுதினார். பிறகு வெளிநாட்டில் இருந்த தமையன் ஒரு பழைய லெப்டொப்பை அனுப்பிவைத்தார். அது லெப்டொப் இல்லை, மூடி போட்ட செங்கல். டொக்டருக்கு அது பெரிய பொக்கிஷம். கையுறை, ஊசி, கயிறு, சவர்க்காரம் எல்லாம் இருக்கிற அதே பைக்குள் அதையும் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நானோ சாதாரண தரத்தில் கணக்கை இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை பரீட்சைக்கே போகாமல், கண்டி டவுனில் திகனக்காரர் ஒருவரின் கம்பியூட்டர் கடையில் சேர்ந்திருந்தேன். முஸ்லிம் ஆள், அண்ணன் முறையில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானாவுக்குச் சாமான் விற்கத் தெரியும், கழற்றத் தெரியாது. எனக்குக் கழற்றத் தெரியும், மற்ற எதுவும் தெரியாது. ஐந்தாறு வருடத்தில் கடையின் திருத்த வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஒரு நாள் டொக்டர் லெப்டொப்பைச் சுத்தம் செய்யக் கொண்டு வந்தார். விசிறிக்குள் வைக்கோல். கீபோர்டைத் தட்டினால் பிண்ணாக்குத் தூள். அந்தக் கிழமைதான் நான், மெசின் எழும்பும்போதே வாசலில் மறித்து பாஸ்வேர்ட் கேட்கிற பூட்டு ஒன்றைப் போடக் கற்றிருந்தேன். புதிதாகக் கற்ற வித்தையை யார் மேலாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. "டொக்டர், இவ்வளவு பெரிய பொட்டிக்கு ஒரு பூட்டு இல்லாட்டி எப்படி? கொழும்புல பெரிய ஆளுங்க எல்லாம் போட்டு வச்சிருக்காங்க" என்றேன். "மாட்டுக் கணக்கை ஆரடா களவெடுக்கப் போறான்?" என்றார். "மாடே படிச்சுப் பாத்துட்டா? யாரு தன் புள்ளைக்கு அப்பன்னு தெரிஞ்சா ஊருல கலவரமாயிரும்" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் சம்மதித்த மாதிரி. ஒரு விரலால் ஏதோ ஒரு சொல்லை இரண்டு தரம் தட்டினார். நான் பெரிய மனிதன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மறக்காம எழுதி வச்சிக்கோங்க" என்றேன். டயரியில் எழுதிவைத்தார்.

பிறகு அவர் அந்த மெசினை ஒரு நாளும் முழுதாக நிறுத்தவில்லை. வேலை முடிந்தால் மூடியைச் சாத்துவார், திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். பூட்டு இருப்பதே மறந்துபோயிற்று. இரண்டு மாதம் கழித்து, அவர் அறை எடுத்திருந்த தெருவில் வீடுவீடாகப் பொலிஸ் சோதனை வரப் போகிறது என்று கதை பரவியது. அந்த வருடங்களில் அப்படிக் கதை வந்தால் வாடகை அறைகளில் இருக்கும் தமிழ் ஆட்கள் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். தமிழில் எழுதிய எதுவும் கையில் இருக்கக் கூடாது என்று, கடிதம், கல்யாணப் படம், கோயில் ரசீது, எல்லாவற்றையும் பின்வளவில் ஒரு தகர டின்னில் போட்டு எரிப்பார்கள். டொக்டரும் டயரியைப் போட்டார். அதில் இருந்தது பசு மருந்துகளின் பெயரும் லோண்டரிக்காரன் தர வேண்டிய உடுப்புக் கணக்கும்தான். சோதனைக்கு வந்தவர்கள் அவர் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். அந்தப் பாஸ்வேர்ட் மட்டும் புகையாகிப் போயிருந்தது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இது எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நானா கடைக் கதவை அரைவாசிதான் உயர்த்தியிருந்தார். குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்து நான் வழக்கம்போல, "வாங்க டொக்டர், என்ன, நம்ம நானா கத்துனாரா?" என்றேன். அவர் கையில் பை இல்லை. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இல்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு நின்றார். அன்று ஒரே ஒரு தரம் தவிர அந்தக் கடிகாரம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"தம்பி, பகிடியை விடு. பெட்டியைப் பிடிச்சு வைச்சிட்டாங்கள்."

முந்தின நாள் பின்னேரம் திகனப் பாதையில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். லெப்டொப்பைக் கண்டதும் திறந்து காட்டச் சொன்னார்கள். அன்றைக்கென்று சார்ஜ் முழுக்க இறங்கிச் செத்துக் கிடந்தது. சாவடியிலேயே கரன்ட் வயரைக் குத்தி எழுப்பினார்கள். எழும்பியதும் பாஸ்வேர்ட் கேட்டது. டொக்டர் மூன்று தரம் தப்பாக அடிக்க, மெசின் கீச்சென்று கத்தி அப்படியே நின்றுவிட்டது. தன் சொந்தப் பெட்டியைத் தன்னால் திறக்க முடியாத ஒரு யாழ்ப்பாணத்து ஆள். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? பை, மோட்டார் சைக்கிள், போன், அடையாள அட்டை எல்லாவற்றையும் பொலிஸ் நிலையத்தில் வைத்துக்கொண்டு, மாட்டு வைத்தியர் என்பதால் ஒரு நாள் தவணை கொடுத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் திறக்கத் தெரிந்த ஆளைக் கொண்டுவந்து அவர்கள் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்டியும் அவரும் விசாரணைக்குக் கொழும்புக்கு. அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாளில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

"டயரியில எழுதுனீங்களே, டொக்டர்?"

"அதை எரிச்சுப் போட்டனே."

பூட்டைப் போட்டவன் நான். தேவையில்லாத பூட்டு. ஸ்குரூ டிரைவர்களைத் துணியில் சுருட்டும்போது நானா என் கையைப் பிடித்தார். "நீ எங்கடா போற? ஒனக்கிட்ட ஐடி காட் ஈக்கா?" இல்லை. நான் பிறந்த வருடம் கலவரம். பதிவு அலுவலகம் பூட்டிக் கிடந்தது, பிறகு போய்ப் பதிய யாருக்கும் நினைவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அடையாள அட்டை எங்கிருந்து வரும்? தோட்டத்து ஒபீசில் படம் ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்த ஒரு கடிதம்தான் இருந்தது. மடித்து மடித்து அது நாலு துண்டாகிக் கொண்டிருந்தது. "போனா போ. அங்க போய் ஒன்ட வாய மட்டும் தொறந்துராத, வெளங்கிச்சா? வாய மூடிட்டு ஈக்கணும்" என்றார் நானா. பஸ்சில் போகும் வழியெல்லாம் டொக்டர் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். நான் கால் ஆட்டிக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர், தோளில் துவக்கோடு இரண்டு கொன்ஸ்டபிள்மார். அவர்கள் பேசியதும் நாங்கள் பேசியதும் சிங்களத்தில்தான், என் வாயில் தமிழாக வருகிறது. சார்ஜன்ட் வயிறும் மீசையுமாக, பார்க்க யாருடைய மாமாவோ மாதிரி இருந்தார். அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. முறைக்கிற ஆளிடம் எப்படி நடப்பது என்று தெரியும். என் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது கடிதமா, மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியா?" என்றார். சுவர் மணிக்கூட்டில் பத்து நாற்பது.

வேலை என்னவென்று நான் விளங்கப்படுத்தினேன். உள்ளே இருக்கிற டிஸ்க்கை எடுத்து வேறு மெசினில் போட்டு ஐந்து நிமிடத்தில் காட்டலாம் என்றேன். "வேற மெசினில் எனக்கு என்ன காட்டுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெட்டி, இந்த மேசை, என் கண்" என்றார். அப்படியானால் ஒரே வழிதான். பூட்டை ஞாபகம் வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பற்றரி. அதைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தால் பழைய மெசின்களில் சிலது பூட்டை மறந்துவிடும். சிலது மறக்காது. எது என்று கழற்றிப் பார்க்காமல் தெரியாது. மறக்காது என்ற பாதியை நான் சொல்லவில்லை.

மெசினைக் கவிழ்த்துப் பதினொரு ஸ்குரூ கழற்றினேன். அடி மூடியைத் தூக்கினேன். மூலையில் மஞ்சள் பற்றரி, சிவப்பு வயர், கறுப்பு வயர். இளைய கொன்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "இது என்ன?" என்றான். இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கால் கூசுகிறது. அவனுடைய பயத்தைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்தது. சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க சேர், இது வெடிக்காத சாதி" என்றேன்.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. கதிரை பின்னால் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு துவக்குகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. ஒன்றின் வாய் என் காதுக்குப் பக்கத்தில், எண்ணெய் மணத்தோடு. என் கை பற்றரியைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. இழுக்கவும் பயம், விடவும் பயம். நானாவின் குரல் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது டொக்டர் எழும்பாமல், குரலை உயர்த்தாமல், முரட்டு மாட்டைத் தடவிக்கொடுக்கிற அதே தொனியில் பேசினார். "சேர், இவன் ஒரு பைத்தியம். வாய் மட்டும்தான். மணிக்கூட்டுக்குள்ளே போடுகிற பற்றரி மாதிரி ஒன்று அது. வேண்டுமானால் நானே என் கையால் இழுக்கிறேன், நீங்கள் எல்லோரும் வெளியே நில்லுங்கள்." சொல்லிவிட்டு எட்டி, என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து, வயரின் கொளுக்கியை இழுத்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜன்ட் மீசையைத் துடைத்துக்கொண்டார். விழுந்த கதிரையை நிமிர்த்தச் சொன்னார். என்னைப் பார்த்து, "இனி ஒரு பகிடி விட்டாய் என்றால்" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. முடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நிமிடம் காத்திருந்து வயரைக் குத்தினேன். மெசின் எழும்பியது. பாஸ்வேர்ட் கேட்டது. திரையில் அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றபோது டொக்டர் கடிகாரத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "போதாது சேர், அரை மணித்தியாலம் விடணும்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. எல்லா வயரையும் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரத்தையும் வடித்துவிட, பவர் பட்டனை அழுத்தி அழுத்திப் பிடித்தேன். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. மர வாங்கில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழும்பினால் கொன்ஸ்டபிள் முறைத்தான். கையில் வேலையும் இல்லாமல் வாயில் பேச்சும் இல்லாமல் அரை மணி நேரம் நான் அதற்கு முன் இருந்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் சார்ஜன்ட், தேநீரை ஊதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "ஒரு மாட்டு டொக்டருக்கு இப்படி ஒரு பூட்டு எதற்கு? இதைப் போட்டது யார்?"

நான் சொல்லியிருக்க வேண்டும். 'நான்தான் சேர், சும்மா விளையாட்டுக்கு' என்று சொல்ல வேண்டும். ஊரில் உள்ள எல்லோரையும் கேலி பண்ணிய வாய், கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்ன வாய், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் திறக்கவில்லை. மேசையில் கிடந்த என் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சேர்" என்றார் டொக்டர். "அறையில் இருக்கிற பெடியன்கள் எடுத்துச் சீட்டு விளையாடுவார்கள் என்று போட்டேன். பிறகு மறந்துவிட்டேன்."

சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். அவர் பேனை கரகரவென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நான் இருந்தேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மறுபடி வயரைக் குத்தினேன். கறுப்புத் திரை. ஒரு கீச். பிறகு, திகதி தெரியவில்லை, தொடர வேண்டுமானால் எஃப்-வன் பட்டனை அழுத்து என்று ஒரு வரி. அழுத்தினேன். கட்டம் வரவில்லை. மெசின் நேராக உள்ளே போய், டொக்டர் வைத்திருந்த சிவப்பியின் படத்தைத் திரை முழுக்கக் காட்டியது. எங்கள் சிவப்பி, நாக்கை மூக்குக்குள் விட்டபடி. அழுகை வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் சார்ஜன்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில் இருந்த திகதியைக் காட்டினார். பற்றரி போனதால் மெசின் இருபத்தைந்து வருடம் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி முதலாம் திகதியில் நின்றது. "ஏன் திகதியை மாற்றியிருக்கிறாய்?" நான் விளங்கப்படுத்தினேன், தலையாட்டினார், நம்பவில்லை. பிறகு பட்டியலைத் திறக்கச் சொன்னார். பெயர், ஊர், போன் நம்பர், திகதி, எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான நம்பர், இன்னொரு திகதி. இருநூறு முந்நூறு வரிகள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே அது மாட்டுக் கணக்காகத் தெரியவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தார். "சூட்டி. இது ஆள் பெயரா? இந்த நம்பர் என்ன?" "காளையின் நம்பர் சேர்." "இந்தத் திகதி? இது இன்றைய திகதி. இன்றைக்கு என்ன நடக்கும்?"

"கன்று போடும் சேர்."

கொன்ஸ்டபிள்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சார்ஜன்ட் எதுவும் பேசாமல் மேசைப் போனை இழுத்து, அந்த வரியில் இருந்த போன் நம்பரைச் சுழற்றினார். மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். மணி அடிக்கிறது. அடிக்கிறது. எடுத்தார்கள். சார்ஜன்ட் "பொலிஸ்" என்று சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"பொலிசோ யாரோ, அந்தத் தமிழ் டொக்டர் எங்கே? காலையிலிருந்து எடுக்கிறேன், போன் வேலை செய்யவில்லை! சூட்டி விடியக் காலையிலிருந்து முக்குகிறாள். இரண்டு கால் வெளியே வந்து நிற்கிறது, குளம்பின் அடி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது! பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு இழுக்கப் போகிறேன்!"

டொக்டர் எழும்பிவிட்டார். அனுமதி கேட்கவில்லை. "இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்!" என்று சார்ஜன்டைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "அது பின்னங்கால். கன்று திரும்பிக் கிடக்கிறது. இப்போது கண்டபடி இழுத்தால் இரண்டும் போய்விடும். சொல்லுங்கள்!" சார்ஜன்ட், இடுப்பில் பிஸ்டலோடு, பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி போனில் சொன்னார்: "இழுக்க வேண்டாமாம் அம்மே. பின்னங்காலாம்." ஒரு கணம் நின்று, டொக்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "டொக்டர் வருகிறார்" என்றார்.

அடையாள அட்டை, போன், பை, சாவி எல்லாம் மேசைக்கு வந்தன. லெப்டொப்பைத் திரும்பப் பொருத்த நேரமில்லை. அடி மூடி ஒரு பக்கம், ஸ்குரூ என் வாய்க்குள், திறந்த பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். முந்தின நாள் மறித்த அதே சாவடியில் அதே ஆள் கையைத் தூக்கினான். டொக்டர் வேகத்தைக் குறைக்காமலே, "மாடு! மாடு!" என்று சிங்களத்தில் கத்தினார். சார்ஜன்ட் போன் பண்ணியிருக்க வேண்டும், மறிப்புத் தடியை உயர்த்திவிட்டார்கள். வாய்க்குள் ஸ்குரூ இல்லாவிட்டால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சூட்டி சின்னப் பசு, கறுப்பு வெள்ளை. டொக்டர் சட்டையைக் கழற்றினார், சவர்க்காரம் பூசினார், கையை விட்டார், கன்னத்தை அதன் இடுப்பில் சாய்த்துக் கண்ணை மூடினார். நான் கயிற்றைப் பிடித்தேன். அவர் 'இழு' என்றபோது இழுத்து, 'விடு' என்றபோது விட்டேன். கன்று விழுந்தபோது மூச்சில்லை. பின்னங்காலில் தலைகீழாகத் தூக்கி, மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் குச்சியை மூக்குத் துவாரத்தில் விட்டுக் கிண்டினார். அது தும்மியது. வீட்டு அம்மா எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே தேநீர் போடப் போனார்.

வளவுப் பீலியில் வழிந்த தண்ணீரில் டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் ஸ்குரூவைத் துப்பிச் சட்டைப் பைக்குள் போடக் கையை விட்டேன். விரலில் மஞ்சள் பற்றரி தட்டுப்பட்டது. அவசரத்தில் அதை மெசினுக்குள் திருப்பிப் போடவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "டொக்டர், பூட்டு போட்டது இவன்தான்னு நீங்க சொல்லியிருக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அந்தச் சொல்லை அடிச்சது என்ர விரல்தானே, தம்பி" என்றார், நகத்துக்குள் இருந்ததைக் கழுவிக்கொண்டே. பிறகு, "என்னட்டை அட்டை இருக்கு, உத்தியோகம் இருக்கு, முந்நூறு மாடு இருக்கு. உன்னட்டை என்ன கிடக்கு? ஒரு கைலேஞ்சி" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை.

அடுத்த கிழமை பற்றரியை மாட்டித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். "அந்த வயரைக் கண்டால் திரும்பவும் துவக்கைத் தூக்குவாங்கள். அதோடை, பற்றரி இல்லாட்டி இனி இதிலை ஒருத்தரும் பூட்டுப் போட ஏலாதுதானே? நீ கூட." சண்டை முடிந்த கையோடு வன்னிக்கு மாற்றல் கேட்டுப் போனார். ஆட்கள் ஓடும்போது அவிழ்த்துவிட்டுப் போன மாடுகள் அங்கே காட்டில் நூற்றுக்கணக்கில் திரிந்தன, யாருடையது எது என்று தெரியாமல். விடைபெற வந்த அன்று நான் வாய் ஓயாமல் பகிடி விட்டேன். நன்றி என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் சொன்னேன்.

எனக்கு இப்போது அடையாள அட்டை இருக்கிறது, கடையும் இருக்கிறது. போன கிழமை ஒரு பெண் பிள்ளை புது லெப்டொப்போடு வந்து, "அண்ணா, தொறக்கும்போதே கேக்குற மாதிரி ஒரு பாஸ்வேர்ட் போட்டுத் தாங்க" என்றாள். "எதுக்கும்மா, உள்ளுக்கு மாடு கீடு வச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்குரூ டிரைவர் எடுக்க லாச்சியை இழுத்தேன். பற்றரி சறுக்கி வந்து முட்டியது. பகிடியை அப்படியே விட்டுவிட்டு, அந்தச் சொல்லை எங்கே எழுதி வைக்கப் போகிறாய் என்று மூன்று தரம் கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது.

டொக்டரிடம் இன்னமும் அந்தச் செங்கல்தான் இருக்கிறது என்று கேள்வி. பற்றரி இல்லாத மெசின். இரவு நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, காலையில் எழும்பி, இன்றைக்கு என்ன திகதி என்று அவரிடம் கேட்கும். அவர் ஒரு விரலால் அடித்துச் சொல்வார். அதற்கு மேல் அது அவரை எதுவும் கேட்காது.